பிணம் அறுக்கிற மாப்பிள்ளை

இப்போதெல்லாம் செத்தவனுக்காக அழ எவனுக்கும் நேரமில்லை. பழியை யார் தலையில் போடலாம் என்றுதான் ஊரே கிளம்புகிறது. கொடைக்கானல் மலையில் இருக்கும் அடுக்கம் கிராமத்துக்காரர்கள் அதை டீக்கடை விஜயராணி தலையில் போட்டார்கள். அவள் கடையில் டீ குடித்துவிட்டு எழுந்த பொன்னுச்சாமி, மூச்சுத் திணறி அங்கேயே விழுந்து செத்தான். வீட்டுப் பெண்கள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, மாலையும் போட்ட பிறகு, டீயில் மருந்து கலந்துவிட்டாள் என்று எவனோ கிளப்பிவிட்டான். போலீஸ் வந்தது. உடம்பை அறுத்துப் பார்த்தும் காரணம் புலப்படவில்லை. அதோடு கடைக்கு ஈயும் வரவில்லை.

அவள் அப்பா நல்லையா, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய நாள் முதலே யாரையும் நம்பாதவர். இப்போது கேட்கவே வேண்டாம்.

அந்த நேரத்தில்தான், ஒரு சாயங்கால மழையில் அவன் வந்தான். கொடைக்கானலில் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவனாம். பைக் பஞ்சர். தலை சொட்டச் சொட்டக் கடைக்குள் ஒதுங்கினான்.

“ஒரு டீங்க.”

“வேற கடை பாருங்க. இங்க குடிச்சா செத்துருவீங்களாம்.”

“பரவாயில்லைங்க. ஏன் செத்தாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் எனக்குச் சோலி.”

விஜயராணி வெடுக்கென்று திரும்பினாள்... அழுது சிவந்த கண்கள். அவன் ஈரத்தைத் துடைக்க மறந்து நின்றான்... நல்லையா பலமாகச் செருமினார்.

பெயர் யோகராஜ். மதுரையில் சவப் பரிசோதனை செய்கிற டாக்டர். விஜயராணி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், டீயைக் குடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

“விழும்போது மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு?”

“ஒதடெல்லாம் தடிச்சுப்போச்சு. கழுத்தச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தாரு. காட்டுல தேன் எடுத்துட்டு நேரா இங்கதான் வந்தாரு.”

அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

“தேனீ கொட்டுனா சில பேரு உடம்பு தாங்காதுங்க. குளிப்பாட்டி மஞ்சள் பூசுனதுல தடம் மறைஞ்சிருக்கும். ஆனா அப்படிச் செத்தா ரத்தத்துல ஒரு புரதம் எகிறிக் கெடக்கும். அத எந்த மஞ்சளும் மறைக்காது. எடுத்துவச்ச ரத்தத்தச் சோதிக்கச் சொல்றேன்.”

“பொணத்து ரத்தம் சாட்சி சொல்லுமாக்கும்!” என்றார் நல்லையா.

சொன்னது. விஷம் துளியும் இல்லை. அந்தப் புரதமோ பல மடங்கு. வீக்கம், தேன் எடுத்த கதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, தேனீ கொட்டித்தான் சாவு என்று டாக்டர்கள் முடிவு எழுதினார்கள்.

கடையில் மறுபடியும் கூட்டம். யோகராஜும் அடிக்கடி வந்தான். அவன் பைக் சத்தம் கேட்டாலே விஜயராணியின் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கும். நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க பண்ணுன உபகாரத்த மறக்க மாட்டேன். அதுக்காகப் பொணம் அறுக்கிற கையில எம்புள்ளையக் குடுக்க முடியாது!”

அவன் எழுந்து போனான். பிறகு வரவேயில்லை. விஜயராணி சண்டை போடவில்லை. சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் பொன்னுச்சாமியின் பெண்டாட்டி பாப்பம்மாள் கடைக்கு வந்து, விஜயராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லையாவிடம் அழுதாள்.

“அந்த டாக்டரு கை மட்டும் இல்லேன்னா, சாகிற வரைக்கும் இந்தப் புள்ளையச் சபிச்சுக்கிட்டே இருந்திருப்பேன் அண்ணே...”

நல்லையா எழுந்து டெலிபோன் பூத்துக்குப் போனார். “வெரசா வந்து சேருங்க,” என்று யோகராஜிடம் கத்திவிட்டு வைத்தார்.

வந்தான். விஜயராணியின் முன்னால் தயங்கி நின்றான்.

“நன்றிக்காகன்னா வேணாங்க...”

“நன்றிக்குத் தெனமும் சாமிகிட்ட உங்க பேரச் சொல்றேன். அது தனி. நீங்க வராத நாளெல்லாம் சோறு எறங்காமக் கெடந்தேனே... அது நன்றியா?”

“எனக்கும்தான்... அங்க ஒரு வேலையும் ஓடலைங்க.” அவன் அவள் விரலைத் தொட்டான்.

“ஏய்யா, கையக் கழுவிட்டுத் தொடுங்க! தேதி நான் பாக்குறேன்,” என்றார் நல்லையா.

“மாமா, அந்தப் புரதம் எப்படின்னா...” என்று ஆரம்பித்தான் யோகராஜ்.

“அட போங்க தம்பி! பழனி முருகன் பண்ணுனதுக்கு ரத்தம் பேரு வாங்குது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போனார் நல்லையா.