அடைத்த பொட்டு

மத்தியான வெயிலில் யாரோ வேலி ஓலையைத் தடவிக்கொண்டு நடக்கும் சத்தம் ஞானாம்பிகைக்குக் கேட்டது. காற்றில்லை, கரவெட்டி முழுவதும் ஊரடங்கில் கிடந்தது, ஒழுங்கையில் நாய்கூட இல்லை, காய்ந்த பனையோலையின் மேல் ஒரு கை மட்டும் இடம் தேடுவதுபோல மெல்ல மாட்டுக்கொட்டில்வரை போய்த் திரும்பி வந்தது.

பக்கத்து வளவுக் குணலட்சுமி வேலிப் பொட்டைத் தேடுகிறாள் என்று நினைத்தாள்.

இரண்டு வளவுப் பெண்களும் குனிந்து போய்வர வேலியில் விட்டிருந்த வழி அது. புருசன் பஞ்சலிங்கம் அடிக்கும்போதெல்லாம் குணலட்சுமி அதனூடாகத்தான் ஓடிவருவாள். தெருவில் இறங்கினால் ஆமி சுடும். முந்தநாள் மாலை அவள் உதடு கிழிந்து வந்து நின்றபோது, பின்னால் அவன் போட்ட கூச்சல் தெரு முடக்கில் நின்ற ஆமிக்கும் கேட்டிருக்கும்.

"உன்ரை மனிசன்ரை சத்தத்துக்கு அவங்கள் என்ரை வீட்டுக்கை வந்திடுவாங்கள். போ பிள்ளை."

"இண்டைக்கு மட்டும், அக்கா."

அவளை அனுப்பிவிட்டு ஞானாம்பிகை பொட்டைப் பனங் கருக்குமட்டை வைத்து இறுக்கிக் கட்டினாள். அன்றிரவு மட்டைகள் குலுங்கின. அவள் எழுந்து போகவில்லை.

இப்போது தடவும் சத்தம் நின்றது. ஓலை இடுக்கில் பஞ்சலிங்கத்தின் முகம் தெரிந்தது. குளித்துத் திருநீறு பூசியிருந்தான்.

"அக்கா, சாம்பிராணி கிடக்கே?"

"என்னத்துக்கு?"

"மணக்கத் தொடங்கீட்டுது. என்ரை மனிசி குணம் நேற்று விடியவே முடிஞ்சு போனா. ஊரடங்கெண்டு எடுக்கேலாமல் கிடக்கு."

ஞானாம்பிகை தான் கட்டிய மட்டைகளைப் பார்த்தாள்.

"ஆமி சுட்டதெண்டுதான் சொல்லப்போறன். அவசரகாலச் சட்டத்திலை ஆர் மரண விசாரணை வைக்கினம்? நீங்களும் வெடிச்சத்தம் கேட்டனியள்தானே?" அவன் குரலைத் தாழ்த்தினான். "பொட்டை அடைச்சது ஆரெண்டு நான் ஒருத்தரிட்டையும் கதைக்க மாட்டன்."

அவள் உள்ளே போய்ச் சாம்பிராணி எடுத்து வந்து இடுக்கால் நீட்டினாள்.

"ஓம்," என்றாள். "கேட்டது."

குசினிக்குள் வந்து கதவைப் பூட்டினாள். அப்போதுதான் உறைத்தது. நேற்று விடியவே செத்தவள். அப்படியென்றால் வேலியில் பொட்டைத் தேடியது யாருடைய கை?

தடவும் சத்தம் மறுபடி கேட்டது.

ஓலையில் அல்ல. சுவரில். அவளுடைய வீட்டுச் சுவரில்.

அறைப் பக்கம். மூலை. குசினிப் பக்கம்.

அவசரமே இல்லை.

கதவில் வந்து நின்றது.

கதவின் கீழ் இடைவெளியில் விரல்கள் நுழைந்தன. நிறமற்ற விரல்கள். பிறகு மணிக்கட்டு. முழங்கை.

முழங்கை வந்த பிறகும் கை வந்துகொண்டேயிருந்தது.