தலைமாட்டு எண்ணெய்

தையல் மிஷினில் இருந்தது ஒரே ஓர் ஊசி. காகிதத்தில் விழுந்திருந்த ஓட்டைகளோ இரண்டிரண்டாக இருந்தன.

தனக்கொடி அந்தக் காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்ததால் நடுப்பகலிலேயே வீட்டுக்குள் விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டிக் கிடந்தது. ஓட்டின் மேல் மழை இரைகிற சத்தமும், நனைந்த வைக்கோலின் புளித்த வாடையும், மிஷினைத் துடைத்த சீமெண்ணெய் நாற்றமும் சேர்ந்து அறையை நிறைத்திருந்தன. நூல் கோக்காமல் ஓட்டினால் எறும்பு வரிசை போல ஒற்றை ஒற்றையாகத்தான் ஓட்டை விழும். இதில் அரிசி அகல இடைவெளி விட்டு ஜோடி ஜோடியாகக் காகிதத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயிருந்தது. வேறொருத்தியாக இருந்தால் வீட்டை விட்டு ஓடியிருப்பாள். தனக்கொடி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்தாள். பதறுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே, அது ஆடி மாதமே போய்விட்டது.

ஆடியில் போனவள் மூத்த மகள் அலமேலு. கரும்புக் கொல்லையை ஒட்டிய வீடு அவர்களுடையது. பாயில் படுத்திருந்த பிள்ளை நடு ராத்திரியில் எழுந்து, "அம்மா, கால்ல இன்னாவோ கடிச்சிச்சி" என்றாள்.

"வலிக்குதா?" என்று தனக்கொடி அரைத் தூக்கத்தில் கேட்டாள்.

"வலிக்கலைம்மா."

"வலிக்கலன்னா படு கண்ணு."

சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, படுத்துக்கொண்டாள். விடிந்தபோது இமைகள் பாதி தொங்கிக் கிடந்தன, நாக்கு எழவில்லை, கணுக்காலில் அரிசி அகல இடைவெளியில் இரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தன. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, மரத்துத்தான் போகும் என்று பிற்பாடு ஊரே வந்து சொல்லிவிட்டுப் போனது. வெட்கங்கெட்ட ஊர், இதையெல்லாம் எப்போதும் பிற்பாடுதான் சொல்லும்.

பிணத்தின் தலைமாட்டில் ஏற்றிய விளக்கின் மிச்ச எண்ணெயை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். நாத்தனார் விருத்தாம்பாள்தான் விளக்கை எடுத்துக் கையில் கொடுத்தாள். "ஒரு சொட்டு வூட்ல தங்கக் கூடாதுடி. அது செத்தவங்க பங்கு" என்றாள். தனக்கொடி எடுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே போகவில்லை. கொல்லைப்புறத்தில் நின்று ஒரு மருந்து பாட்டிலில் அதை வடித்து, மூடி போட்டு, சமையல்கட்டு மாடத்தில் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மகள் முகத்தின் மேல் கடைசியாக விழுந்த வெளிச்சம் அந்த எண்ணெயிலிருந்து வந்தது. மண்ணில் கொட்டக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மிச்சமிருப்பவள் பூங்காவனம், ஐந்து வயசு. தினமும் கண் விழித்ததும் தனக்கொடி செய்கிற முதல் வேலை அவளைக் கிள்ளுவதுதான். கை விரலில் ஒன்று, கணுக்காலில் ஒன்று, கட்டை விரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் பதிய அழுத்திக் கிள்ளுவாள். "ஆ! வலிக்குதும்மா!" என்று பிள்ளை சிணுங்கிய பிறகுதான் போய் அடுப்பு மூட்டுவாள். அந்த ஒரு சிணுங்கலில் ஒரு நாள் ஓடும். அது இல்லையென்றால் அவள் எழுந்து நடமாடவே மாட்டாள் என்று புருஷன் சிங்காரவேலுவுக்குத் தெரியும், அதனால் பார்த்தும் பாராதவன் போல இருந்தான்.

மிஷினைக் கொண்டுவந்ததும் அவன்தான். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி தன் நாட்டுக்குக் கப்பலேறும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டாள். அதில் காலால் மிதிக்கிற பழைய தையல் மிஷின் ஒன்றை எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, தங்கள் ஊர் ஒதியம்பட்டு வரை பிடித்துக்கொண்டே வந்து இறக்கினான்.

"இப்பிடியே ஒக்காந்துகினு இருந்தா நீயும் போயிடுவ தனம். கைக்கு ஒரு வேல வேணும்" என்றான். "சின்னது இன்னும் அக்கா பாவாடையத்தான் சுத்திகினு திரியுது. அதுக்குப் புதுசா ஒண்ணு தச்சிக் குடு."

வில்லியனூர்த் தையற்காரர் சூசைநாதன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். இறுகிப்போன பழைய எண்ணெயைச் சீமெண்ணெய் விட்டுக் கரைத்தார், துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவே அடைத்திருந்த பஞ்சுத் தூசியைக் குச்சியால் நோண்டி எடுத்தார், வெடித்துப்போன தோல் வாரை மாற்றினார். கிளம்பும்போது ஒரு சிறு எண்ணெய் டப்பாவையும் கோழி இறகையும் கொடுத்து, "சக்கரத்த உன் பக்கமாத்தான் சுத்தணும் தாயி, அந்தப் பக்கம் சுத்தவே கூடாது" என்றார். "மொதல்ல நூலு கோக்காம காயிதத்துல ஓட்டி கால் பழகு. ஒவ்வொரு தபாவும் ஓட்டறதுக்கு மின்ன எண்ணெய் போற எல்லாக் குழியிலயும் ஒரு சொட்டு விடு. டப்பா தீந்துட்டா ஆள் அனுப்பு. வெளக்கெரிக்கிற எண்ணெய மட்டும் தொட்டுடாத, பிசினாட்டம் புடிச்சிக்கும்."

டப்பா இன்று காலையில் தீர்ந்துபோயிருந்தது. மிஷின் கிறீச்சிட்டது, சக்கரம் பாதியில் நின்றது. வில்லியனூர்ப் பாதையில் முழங்கால் தண்ணீர். கரும்பில் தேங்கிய நீரை வெட்டிவிடச் சிங்காரவேலு கொல்லைக்குப் போயிருந்தான். நல்லெண்ணெய்ச் செம்பைத் தேடிப் பானைகளை நகர்த்தியவள் கையில் அந்த மருந்து பாட்டில்தான் அகப்பட்டது. ஏதோ ஓர் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டாளா, தெரிந்தே எடுத்தாளா, அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. இறகைத் தோய்த்து ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு விட்டாள். எரிந்த திரியின் கரி வாடை லேசாக எழுந்தது. விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாட்டிலைத் தரையிலேயே வைத்துவிட்டு, மிதித்தாள்.

மிஷின் ஓடியது. சத்தமே இல்லை.

அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை. இப்போதுதான், இரண்டாவது காகிதம் ஊசிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. மழை கேட்டது, கொட்டிலில் மாடு கழுத்தை ஆட்டுவது கேட்டது, பக்கத்தில் எங்கோ பூங்காவனம் தானாகப் பேசிக்கொண்டு விளையாடுவது கேட்டது. காலுக்குக் கீழே இரும்புப் பலகை ஏறி இறங்க, வார் ஓட, ஊசி குத்திக்கொண்டே இருக்க, அதிலிருந்து மட்டும் ஒரு சிறு 'டக்' கூட வரவில்லை.

காலை நிறுத்தினாள். சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினாள். ஊசி ஒரு தடவை இறங்கியது, ஒரு தடவை ஏறியது. காகிதத்தில் இரண்டு ஓட்டை.

ஊசியைத் தடவிப் பார்த்தாள், வளையவில்லை. தடவிய விரலுக்குத்தான் ஊசி தட்டுப்படவில்லை. கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ தொடுவது போல இருந்தது. எண்ணெய் பட்ட இடம் எல்லாம் அப்படி இருந்தது. அது நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது. ஆடியிலிருந்து நெஞ்சுக்குள் இருந்த மரப்புதானே, கைக்கும் வந்துவிட்டது.

காகிதம் தீர்ந்ததால் பாவாடைத் துணியை எடுத்தாள். மஞ்சளில் சிவப்புக் கரை, சிங்காரவேலு பார்த்துப் பார்த்து வாங்கியது. நூல் கோத்து, ஓரத்தை மடித்து, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கி, மிதித்தாள். துணி தானாக நகர்ந்தது. கை அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் போல இருந்தது. வழுக்கிக்கொண்டு போகிற துணியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இடது கை எங்கே போனது என்று அவள் கவனிக்கவில்லை.

துணி நின்றது. குனிந்து பார்த்தாள். ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலுக்குள் இருந்தது.

வலிக்கவில்லை. சக்கரத்தை உருட்டி ஊசியைத் தூக்கினாள். விரலில் இரண்டு புள்ளி. அரிசி அகல இடைவெளி. ரத்தம் வரவில்லை.

அப்போதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவளுக்குள் ஏதோ விழித்தது. பயம். தூரத்தில் யாருக்கோ வந்த பயம் போல வந்தது. காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினாள்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

சுற்றவே கூடாத அந்தப் பக்கமாக.

பலகை ஏறியது. இறங்கியது. நிதானமாக, புதிதாகக் கால் பழகுகிறவர்கள் மிதிப்பது போல. மிஷினுக்குக் கீழே இருட்டில் பூங்காவனம் உட்கார்ந்து, பலகையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. கால்கள் சம்மணம் போட்டிருந்தன.

"பூங்கா. வெளிய வா."

பிள்ளை தவழ்ந்து வெளியே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதன் நெற்றி மின்னியது. கன்னம், கழுத்து, கைகள், முழங்காலுக்குக் கீழே பாதம் வரை எல்லாம் மின்னின. பின்னால் தரையில் மருந்து பாட்டில் சாய்ந்து கிடந்தது. காலி.

"எண்ண வச்சிகினேன்மா" என்றாள் பூங்காவனம். "நீ வெள்ளிக்கெழம வச்சி வுடுவியே, அத்த மாதிரி. அக்கா வாசன அடிக்குது பாரு."

தனக்கொடி முந்தானையால் துடைத்தாள். முகத்தை, கையை, காலை. தேய்த்தாள். தோல் சிவக்கத் தேய்த்தாள். பிள்ளை அசையாமல் நின்றது. விரலைப் பிடித்துக் கிள்ளினாள். பிள்ளை அவளைப் பார்த்தது. காத்திருந்தாள். மழை இரைந்தது. கணுக்காலைப் பிடித்தாள். நகம் பதிய அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அழு. அழுதுடு கண்ணு. ஒரே ஒரு தடவை.

"இன்னாம்மா பண்ற?" என்றாள் பூங்காவனம். நாக்கு லேசாகக் குழறியது.

"வலிக்குதா?"

"வலிக்கலைம்மா."

கையை எடுத்தாள். கட்டை விரல் நகம் ஒன்று, ஆள்காட்டி விரல் நகம் ஒன்று. கணுக்காலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் வெளுத்துப் பதிந்திருந்தன. பிள்ளையின் இமைகள் பாதி இறங்கியிருந்தன.

ஓட வேண்டும். கொல்லைக்கு ஓடிப் புருஷனைக் கூப்பிட வேண்டும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரோ வெள்ளமோ, வில்லியனூர் வைத்தியரிடம் ஓட வேண்டும். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. கால் எழவில்லை. விரலில் தொடங்கியது நெஞ்சு வரை வந்துவிட்டிருந்தது, சற்று முன்பு வந்த பயம்கூட இப்போது அங்கே இல்லை. கை மட்டும் போய்ச் சுவரோரம் இருந்த பாயை எடுத்து விரித்தது.

பூங்காவனம் அதில் படுத்துக்கொண்டாள். அவளும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைதான். சத்தமில்லாமல் சக்கரம் அந்தப் பக்கமாகச் சுற்ற, மஞ்சள் பாவாடை ஊசிக்கு அடியிலிருந்து சிறுகச் சிறுக வெளியே வந்து பாயின் மேல் இறங்கி, பிள்ளையின் பாதத்தை மூடியது. தனக்கொடியின் வாய் திறந்தது. தன் குரலை அவளே கேட்டாள், தூக்கக் கலக்கத்தில் இருப்பவள் குரல் போல, அவ்வளவு ஆசையாக:

"வலிக்கலன்னா படு கண்ணு."