மூன்றாவது பொட்டலம்

ரேணுகா மடித்தது இரண்டு பொட்டலம். அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டி எடுத்துக்கொண்டு திரும்பியபோது, சாமி விளக்குக்கு முன்னால் இருந்த தட்டில் மூன்று கிடந்தன.

ஒரே அளவு, ஒரே மடிப்பு, ஒரே பழுப்புக் காகிதம். கணவன் திருமுருகனின் வேலையாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தாள். இரண்டு ஊரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே மூன்று வாரமாக வழியைக் காணோம், இதில் மூன்றாவது வேறா.

கதை இதுதான். வார இறுதிக்கு அவளுக்கு ஏலகிரி, அவனுக்குத் தரங்கம்பாடி. நசரத்பேட்டையைத் தாண்டிவிட்டால் பெங்களூர் ரோடு நேரே மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடும் என்பாள் அவள். போட் விடுகிற தண்ணீரைப் பார்க்க மலை ஏற வேண்டுமா, பால்கனியில் நின்றாலே ஏரி தெரிகிறதே என்பான் அவன். அப்படியானால் கடல் மட்டும் என்ன, அதுவும் தண்ணீர்தானே என்பாள் அவள். இந்த லட்சணத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் விடிந்து, சனி ஞாயிறு வீட்டிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கழிந்தன.

தீர்த்து வைக்க அவள் கண்டுபிடித்த வழி, பூ போட்டுப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். விளக்கு முன் வைத்து ஒன்றை எடுத்தால், அதுதான் சாமியின் உத்தரவு. கல்யாணம், வீடு, ஆபரேஷன் என்று பெரிய காரியங்களுக்குக் கேட்கிற வழக்கத்தை எந்த ஊரில் ரூம் போடுவது என்பதற்கும் இழுத்துவிட்டாள். சாமிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். இதே பூதான் பிறந்த ஊரான கோவில்பட்டியில் அவளுக்குத் திருமுருகனையும் எடுத்துக் கொடுத்தது. அப்போதே சுதாரித்திருக்கலாம்.

முதலில் அவன் எடுத்தான். வெள்ளை, தரங்கம்பாடி. பொட்டலம் லேசாகப் பிரிந்திருந்தது, செல்லாது என்றாள். அடுத்து அவள் எடுத்தாள். சிவப்பு, ஏலகிரி. தடவிப் பார்த்து எடுத்தாய் என்றான். ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது, வந்ததை மீறக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் இன்று மூன்றாம் தடவை. நாளைக் காலை கிளம்பாவிட்டால் தனியாகக் கோவில்பட்டிக்கு ரயிலேறுவது, பிறகு திரும்புவதே இல்லை என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். பெட்டிகூடக் கட்டியாயிற்று. எந்த ஊருக்கு என்பது பெட்டிக்கும் தெரியாது.

இந்த முறை தகராறு வராமலிருக்க ஒரு குழந்தையின் கையால் எடுக்க வைப்பது என்று பேச்சு. இவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன் இன்டர்காமில் வாட்ச்மேன் எத்திராஜைப் பிடித்திருந்தாள்.

"மழ கொட்டினு கீது. கீழ ஒரு புள்ளயும் வெளையாடலம்மா."

"யாராவது ஒரு குழந்தைய அனுப்புங்க அண்ணே. எந்தக் குழந்தையா இருந்தாலும் சரி. சாக்லேட் தாரேன்."

"ஊருக்குப் போறதுக்கு இம்மாம் பஞ்சாயத்தா" என்று முனகிக்கொண்டே எத்திராஜ் வைத்துவிட்டார்.

இப்போது அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பி, "என்னங்க, மூணாவது பொட்டலம் நீங்க வச்சதா?" என்றாள்.

"ஆபீஸ் கால்ல இருக்கேன் ரேணு. சண்டை போட வேற எதுவும் கிடைக்கலையா?" சாத்திய கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கரண்ட் போனது. விளக்கை ஏற்றினாள். ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தும், கனமழையில் ஏரி கலங்கும்போது வருகிற வாடை, அழுகிய தழையும் சேறும் மீன்செதிலும் கலந்த பச்சை வாடை, சுவரின் உள்பக்கத்திலிருந்தே கசிவதுபோல மெல்ல மெல்லக் கூடம் முழுவதும் பரவி, எண்ணெயின் வாசனையை அமுக்கி, கடைசியில் அவள் நாக்கின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. டிரெய்னேஜ் அடைத்துக்கொண்டது போல, அசோசியேஷன் குரூப்பில் கிழிக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு பாதியில் நின்றது. இன்டர்காம் அடித்தது.

"யம்மா, நீ கேட்ட கொழந்த மேல வந்துகினு கீது."

"யார் வீட்டுக் குழந்தை அண்ணே?"

"தெர்ல. பாத்த மொகமா இல்ல. நீதான் கூப்ட்டேன்னு சொல்லுச்சு. பின்னால செவுத்துப் பக்கமா வந்துச்சு. ஒடம்பெல்லாம் சொட்டுது, தொவட்டி வுடு பாவம்."

பின்சுவருக்கு அப்பால் வீடு கிடையாது. ஏரிதான்.

லிப்ட் சத்தம் கேட்கவில்லை. படிக்கட்டில் வெறுங்கால் சத்தம் கேட்டது. ஈரக் கால். சளப், சளப். ஒவ்வொரு மாடியிலும் நின்றது. மூச்சு வாங்க நிற்பதுபோல இல்லை. கதவு எண்களைப் படிக்க நிற்பதுபோல.

ரேணுகா ஓடிப்போய் மேல் தாழ்ப்பாளையும் போட்டாள். காதை வைத்தாள். சத்தம் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை.

கதவைக் கடந்து, அவளைக் கடந்து, கூடத்துக்குள் போனது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. காகிதம் சரசரத்தது. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. விளக்குச் சுடர் சாய்ந்து, நிமிர்ந்தது.

பிறகு அமைதி.

திரும்பினாள். தட்டில் இரண்டு பொட்டலம் மடித்தபடியே இருந்தன. மூன்றாவது பிரிந்து கிடந்தது. உள்ளே வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஊதா. ஆகாயத்தாமரைப் பூ, வேரோடு. வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் தட்டில் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் வைத்திருந்த சாக்லேட்டின் உறை மட்டும்.

"இது செல்லாது" என்றாள். "இது கணக்கில்ல. நாங்க கேட்டது ரெண்டு ஊரு."

படுக்கையறையிலிருந்து திருமுருகன் சொன்னான், "சரி. அங்கயே போவோம்."

மூன்று வாரத்தில் அவன் ஒரு தடவைகூடச் 'சரி' சொன்னதில்லை.

"எங்கங்க?"

கதவைத் தள்ளினாள். நாற்காலி காலி. லேப்டாப் வெளிச்சத்தில் தரை பளபளத்தது. ஹெட்போனுக்குள் யாரோ சின்னக் குரலில், "திரு, லைன்ல இருக்கீங்களா? திரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் கட்டி வைத்த பெட்டியைக் காணோம். பால்கனிக் கதவு திறந்திருந்தது. மூன்றாவது மாடி.

எட்டிப் பார்த்தாள்.

மழைக்குள், கரையைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் அவன் நடந்துகொண்டிருந்தான். இடது கையால் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் யாருமில்லை. ஆனால் வலது தோள் மட்டும் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தது. ரோடு கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிக்கிற அப்பாவைப் போல.

கத்த வாயைத் திறந்தாள். அவன் நின்றான். திரும்பி மேலே பார்த்தான். காத்திருந்தான்.

அப்போதுதான் ரேணுகா குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அதுவும் தாழ்ந்திருந்தது. விரல்களுக்கு நடுவே ஜில்லென்று ஈரம். உள்ளங்கையில், உருகிய சாக்லேட்.

இழுத்தது.