நேராக நின்றவள்

1927 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. சுங்காய் ஊருக்குத் தெற்கே நான்கு மைலில் இருந்த கிணற்றுத் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தில், போன மாத வெள்ளம் தூர்த்துவிட்ட வடிகாலை மறுபடி வெட்டுவதற்காக நிலமட்டம் பார்க்கும் வேலை மூன்றாம் நாளாக நடந்தது.

காலை எட்டரை மணிக்குப் பழனியப்பன் மட்டக்கருவியின் தொலைநோக்கியில் கண் வைத்தபோது, அளவுகோலுக்கு வெகு பின்னால், பால்மரங்களுக்கு நடுவே, ஒரு பெண் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

புதிதாக வந்த யாராவது பார்த்திருந்தால் அதில் ஒரு தப்பும் தெரிந்திருக்காது. பழனியப்பனுக்குத் தெரிந்தது. அந்தத் தொலைநோக்கி எதையும் நேராகக் காட்டாது. இன்னும் இரண்டு வில்லைகளைச் சேர்த்தால் உருவம் நிமிர்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வில்லையும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் செய்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆறு வருடமாக அந்தக் குழலுக்குள் அவன் பார்க்கும் உலகம் ஒன்றுதான்: மேலே மண், கீழே வானம், மண்ணிலிருந்து தொங்கும் மரங்கள், எண்கள் கவிழ்ந்த அளவுகோல், அதைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கி வெற்றிலை மெல்லும் மைத்துனன் பத்துமலை. இன்றும் எல்லாம் தலைகீழாகத்தான் இருந்தன. அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்றாள். சேலையைத் தொடையோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தாள். பாதங்களுக்குக் கீழே வானம். முடி மட்டும் மேல்நோக்கி எழும்பி, மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வில்லையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தான். கண் வைக்கும் முனையை விரலால் திருகினான். தூசியாக இருந்தால் கூடவே சுற்றும், அவள் சுற்றவில்லை. குழலை இடப்பக்கம் நகர்த்தினான். கண்ணாடியில் கீறலாக இருந்தால் கூடவே வரும். அவள் வரவில்லை, காட்சியின் விளிம்புக்குப் போய் மறைந்தாள். குழலைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். அதே இடத்தில் இருந்தாள். சட்டைப்பையில் மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குழலுக்கு வெளியே தேடினான். ஆள் உயரத்துக்கு மேல் வரை சேற்றுக்கோடு படிந்த மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. புளித்த பாலும் அழுகிய இலையும் கலந்த நாற்றம் வந்தது. எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெண் யாரும் இல்லை.

"என்ன மச்சான், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி அப்படிப் பாக்குறீங்க?" பத்துமலை அங்கிருந்து கத்தினான். "சீக்கிரம் படிங்க லா! அட்ட ரெண்டு காலயும் உறிஞ்சுது!"

பழனியப்பன் அளவைப் படித்தான், எழுதினான்.

கண்டதை வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஈப்போ பட்டணத்தில் அவன் மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்ட நாளிலிருந்தே என்ஜினியர் துரை அவனை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கண் கெட்டவனுக்குக் கருவி எதற்கு என்று ஒருநாள் கேட்டும் விட்டார். இந்த வேலையில் பிழை வந்தால் வேறு ஆள் என்பது அவர் வாயால் வந்த சொல். தலைகீழ்க் காட்டில் நேராக ஒரு பெண் தெரிந்தாள் என்று பத்துமலையிடம் சொன்னால், அவன் அதை ஈப்போவில் எல்லோரிடமும் நடித்தே காட்டிவிடுவான்.

இருநூறு அடிக்கு ஒரு தடவை கருவியைத் தூக்கி முன்னால் நட்டார்கள். முதல் நாள் தோட்டத்து மூலையிலிருந்து புறப்பட்டு, வளைந்து போய், இப்போது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். தொடங்கிய புள்ளியிலேயே கடைசி அளவையும் எடுத்து, இரண்டும் பொருந்தினால்தான் மூன்று நாள் வேலையும் வேலை. இல்லையென்றால் அத்தனையும் குப்பை.

ஒவ்வொரு தடவையும் அவள் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் பெரிதாக. காலையில் விரல் நகம் அளவு இருந்தவள், பத்தரைக்கு விரல் அளவு ஆனாள். அவள் வரவில்லை என்பது பழனியப்பனுக்கு மெல்லத்தான் உறைத்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது அவர்கள்தான்.

பகல் பன்னிரண்டுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வீரம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மட்டம் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கங்காணி அமர்த்திய பால்வெட்டுக்காரி. மூன்று நாளும் வாய் ஓயாமல் பேசியவள். இன்றைக்கு எந்தப் பக்கம் வேலை முடியும் என்று கேட்டாள்.

"மூலையில மரத்த வெட்டுன கட்ட ஒண்ணு இருக்குல்ல அக்கா, அங்கதான் ஆரம்பிச்சோம், அங்கேயே முடிக்கணும்," என்றான் பத்துமலை. "இந்தச் சேத்துல கோல் புதையாத எடம் அது ஒண்ணுதான். நம்ம ஆணிகூட அடிச்சு வச்சிருக்கு."

வீரம்மா குவளையைக் கீழே வைத்தாள். "அதுல ஏற்கனவே ஒரு ஆணி இருந்துச்சே?"

"இருந்துச்சு. துரு ஆணி. என்னமோ நார் சுத்திக் கெடந்துச்சு. மச்சான் புடுங்கச் சொன்னாரு, புடுங்கி பாரிட்டு வாய்க்கால்ல வீசிட்டேன்."

"அது நாரில்ல தம்பி," என்றாள் வீரம்மா. "முத்தம்மா முடி."

அவள் சொன்னது கொஞ்சம்தான். வெள்ளம் வந்த அன்று லயத்துப் பெண் முத்தம்மா சேலையை இறுகக் கட்டிக்கொண்டு, இப்போது கட்டையாக நிற்கும் அந்த மரத்தில் ஏறியிருக்கிறாள். கால் இரண்டும் கிளைக்கவையில் மாட்டிக்கொண்டன. நீர் வடிந்தபோது தலைகீழாகத் தொங்கினாள்; மூன்று நாள் கழித்துத்தான் இறக்க முடிந்தது. தோட்டத்துத் துரை மரத்தை வெட்டச் சொன்னார். வெட்டிய பிறகும் லயத்தில் ஒருவரும் தூங்கவில்லை. கடைசியில் பூசாரி வந்து, அவள் முடியை அடிக்கட்டையில் வைத்து ஆணி அறைந்து அவளைக் கட்டினார்.

"அதுக்கப்புறம்தான் நாங்க கண் அசந்தோம். நீங்க என்னடான்னா..." குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

பத்துமலை சிரித்தான். "போற போக்குல நம்மள பயமுறுத்திட்டுப் போவுது பாரு, இந்த அக்கா."

பழனியப்பன் சிரிக்கவில்லை. குழலுக்குள் எல்லாம் கவிழ்ந்து தெரியும். அப்படியென்றால், குழலுக்குள் நேராக நிற்பவள் வெளியே எப்படி இருக்கிறாள்? காலையிலிருந்து அவன் கேட்டுக்கொள்ளாமல் தள்ளிவைத்த கேள்வி. இப்போது பதில் தெரிந்துவிட்டது. அவள் தொங்கிக்கொண்டிருக்கிறாள். இல்லாத மரத்தில்.

பாரிட்டில் இறங்கி அந்த ஆணியைத் தேடினான். முழங்கை வரை கருஞ்சேறு. கிடைக்கவில்லை.

இரண்டேமுக்காலுக்கு வானம் இருட்டத் தொடங்கியது. மிச்சம் ஒரே ஒரு அளவு. கருவியை நட்டாயிற்று. கட்டை நூற்றைம்பது அடி தூரத்தில் இருந்தது. கோலைப் பிடிக்கத் தானே போய்விடலாமா என்று நினைத்தான். பத்துமலைக்கு எண் படிக்கத் தெரியாது. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தான். என்ஜினியர் துரையின் முகம் வந்தது. புறப்படும்போது மனைவி மங்களம் வாசலில் நின்று சொன்னதும் வந்தது. "கூடப்பொறந்தவன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான். கூட்டிட்டுப் போறீங்க, அதே மாதிரி கூட்டிட்டு வந்துருங்க."

ஒரு நிமிடம். கோலை வைப்பான், படிப்பேன், முடிந்தது. ஒரே நிமிடம்.

"போ மாப்ள," என்றான். "வச்சுட்டு, நான் கை காட்டினதும் ஓடி வந்துரு."

"ஓடி வரவா? ஏன் மச்சான், புலியா வருது?"

பத்துமலை கோலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். சேற்றில் கால் புதைந்து எழும் சத்தம் கேட்டுக்கொண்டே போனது. கட்டையை அடைந்தான். கோலை ஆணியின் மேல் நிறுத்தினான். கையை உயர்த்தினான்.

பழனியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். குழலில் கண் வைத்தான்.

மேலே மண். கீழே வானம். தலைகீழாகப் பத்துமலை. அவனை ஒட்டி அவள், நிமிர்ந்து. காட்சி முழுவதையும் அடைத்துக்கொண்டு. சேறு காய்ந்த முகம். ஒரு பாதம் பக்கவாட்டில் மடங்கியிருந்தது, எதிலோ மாட்டியது போல. காலையிலிருந்து அவன் பக்கமே திரும்பியிருந்த முகம் இப்போது மெதுவாகத் திரும்பியது. பத்துமலையின் பக்கம்.

கத்த நினைத்தான். வாயிலிருந்து மூச்சுதான் வந்தது. மூச்சு பட்டு வில்லை மங்கியது.

சட்டை நுனியால் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

நீர் சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

கண் வைத்தான்.

அவள் இல்லை. எங்கும் இல்லை. மண், மரங்கள், வானம், கோல். அவனுக்கு அழுகை வந்தது. அவசரமாக எண்ணைத் தேடினான். ஐந்து அடி, முப்பத்தேழு. உடனே கிடைத்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பது போலத் தெளிவாக.

கவிழ்ந்திருக்கவில்லை. எண்கள் நேராக இருந்தன.

கண்ணைக் கோலின் ஓரமாக நகர்த்தினான்.

பத்துமலை நேராக நின்றுகொண்டிருந்தான். கோலை ஒழுங்காகப் பிடித்திருந்தான். பாதங்களுக்குக் கீழே வானம். முடி மேல்நோக்கி எழும்பியிருந்தது. வெற்றிலைச் சாறு வாயோரத்திலிருந்து புறப்பட்டு, கன்னத்தில் ஏறி, நெற்றியைக் கடந்து, மேலே போய்க்கொண்டிருந்தது.

பழனியப்பன் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்கரை மணிக்கு வீரம்மா கங்காணியைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் எடுக்கவில்லை. மழை பெய்து அவன் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. காலடியில் குறிப்பேடு திறந்து கிடந்தது. கடைசி வரியில் 5.37 என்று எழுதி, முன்னால் கழித்தல் குறி போட்டிருந்தான். பாலத்தின் அடிப்பக்கத்தை அளக்கும்போது, கோலை மேலிருந்து கவிழ்த்துப் பிடித்தால் போடுகிற குறி அது.

பத்துமலையை இறக்க லயத்திலிருந்து ஏணி கொண்டுவந்தார்கள். சாத்தி வைக்க அங்கே மரம் இல்லை.