இடப்பக்கம் சாயும் வண்டி

வண்டி இடப்பக்கமாக இழுத்தது. பைக்கை வாங்கி வந்த அன்றே சங்கரபாண்டியன் அதைக் கவனித்தான்.

அருப்புக்கோட்டையில் புரோக்கர் பூமிநாதன் எதையும் ஒளிக்கவில்லை. "லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடுன வண்டி தம்பி. மீட்டர்ல நான் கை வைக்கல. கெழவனாட்டம் இருமும், ஆனா நிக்காது."

பஸ்ஸில் போனால் யாராவது துக்கம் விசாரித்தார்கள். அதற்குப் பயந்தே வாங்கினான். போன மாசி மாதம், பரளச்சிக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸுக்கு நின்ற அவன் மனைவி சுகந்தியை ஒரு பைக் அடித்துப்போட்டு நிற்காமல் போனது. யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

திருச்சுழி சாலையில், இருபுறமும் சீமைக்கருவேலம் காய்ந்து நின்ற வெயிலில், செயினின் கரகரப்புக்கும் சைலன்சரின் இருமலுக்கும் அடியில், பின்சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகி இறங்குவது அவனுக்குக் கேட்டது. வேகத்தடை ஏறும்போதெல்லாம் யாரோ இறுகப் பிடித்ததுபோல ரெக்சின் கிறீச்சிட்டது. வீடு வந்து சேரும்போது இடுப்பின் வலப்பக்கம் வலித்தது. பழகிய வலி. சுகந்தி ஒருக்களித்து உட்கார்ந்து வருவாள். அவள் பாரத்துக்கு ஈடாக வலப்பக்கம் சாய்ந்துதான் கல்யாணமான நாளிலிருந்து, முந்தைய வண்டியை விற்கும்வரை, அவன் ஓட்டினான்.

மெக்கானிக் மாரீஸ்வரன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நேராத்தான்ணே போகுது. ஆளில்லாத சீட்டுக்கு நீங்க எதுக்குச் சாயிறீக?" எதற்கும் பார்ப்போமென்று முன்சக்கரத்தைக் கழற்றியவன், அச்சில் சுற்றியிருந்த எதையோ கத்தியால் அறுத்தெடுத்தான். "பழைய ஓனரு சேலைக்கடை வச்சிருப்பாரு போல."

கிரீஸில் ஊறிய மாம்பழ நிறத் துணி. பச்சைக் கரை.

அந்தச் சேலையின் மீதியை ஆஸ்பத்திரியில் அவன் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

பூமிநாதனுக்குப் போன் போட்டான். "இத வித்தது யாரு?"

"ஐயாத்துரைன்னு, பரளச்சிக்குத் தெக்க கரிமூட்டம் போடுறவுக. ஏன் தம்பி, பேப்பர்ல எதும்..."

போனை வைத்தான். வண்டியைக் கிளப்பியதும் ஸ்பிரிங் இறங்கியது. முதுகு சில்லிட்டது.

"ஸ்டேஷனுக்குப் போயிருவோம் சுகந்தி," என்றான்.

ஊர் எல்லையில் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் வண்டியைத் திருப்ப முயன்றான். ஹேண்டில் திரும்பவில்லை.

கருவேலங்காட்டுக்குள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடுக்கிய விறகின்மேல் மண் போர்த்திய மூட்டம் உள்ளுக்குள் வெந்தபடி புகைந்தது. ஐயாத்துரை அதன் உச்சியில் நின்று, வெடிப்பு விட்ட இடத்தில் கூடைமண்ணைக் கொட்டினார். உடனே மூடாவிட்டால் காற்றுப் புகுந்து கரி மொத்தமும் சாம்பலாகிவிடும்.

வண்டியைப் பார்த்தார். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். கூடை நழுவி உருண்டது.

"தாயி," என்றார். "எறங்காத தாயி. பயத்துல நிக்காமப் போயிட்டேன்."

ஸ்பிரிங் மேலே எழும்பியது.

சங்கரபாண்டியன் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். பெயர் சொல்லி ஒருமுறை. நாக்கு எழவில்லை. எழ வேண்டுமென்று அவன் நினைக்கவும் இல்லை.

மூட்டத்தின் சரிவில் காலடிகள் பதிந்தன. சிறிய காலடிகள். ஒவ்வொன்றிலிருந்தும் புகை. ஐயாத்துரை பின்வாங்கினார். உச்சி அமுங்கியது.

இடுப்புவரை. நெஞ்சுவரை.

"தம்பி. கையக் குடு தம்பி."

அவன் ஏறினான். செருப்பு இளகியது. கையில் மண்கூடை இருந்தது. எப்போது எடுத்தான்? கொட்டினான். இறங்கி அள்ளினான். கொட்டினான். குரல் நின்றது. மண் அடியிலிருந்து எழும்பியது. அமுங்கியது. எழும்பியது.

எதிர்ச்சரிவில், தூக்கி வர ஆளில்லாமல், நிறைமண்ணோடு இன்னொரு கூடை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.