காரணம்: மான்

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷனுக்குப் பின்னால் பழைய பதிவேடுகளை அடுக்கிய அறை ஒன்று இருந்தது. பள்ளி விட்டதும் அங்கேதான் கிடப்பேன். அதனால் அப்பா எனக்கு வைத்த பெயர் சுண்டெலி.

எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம் என்று எழுதிய பதிவேடுகள்தான் எனக்கு உயிர். 'மரம் விழுந்தது.' 'டிரைவரின் தொப்பி பறந்தது.' படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.

அப்பாவின் பதிவேட்டில் மட்டும் ஒன்றும் இருக்காது. "எட்டு வருஷமா ஒரு வண்டிகூட லேட் இல்லை!" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒருநாள் மாலை, மான் டாக்டர் பிளாட்பார பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலைக்காட்டில் மிஞ்சியிருந்த இருபத்திரண்டு மான்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

"என்ன டாக்டரம்மா, முகமே சரியில்லை?" என்றார் அப்பா.

"இந்த வருஷமும் ஒரு குட்டிகூடப் பிழைக்கலை சார். அடுத்த மழைக்கும் இப்படின்னா, எல்லாத்தையும் பிடிச்சு தூரத்துல இருக்கற மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிடுவாங்களாம்."

நான் டாக்டரின் பக்கத்தில் போய் நின்றேன். "முன்னாடியெல்லாம் எங்கே குட்டி போட்டுச்சு?"

"அதைத்தான் யாரும் எழுதி வைக்கலையே, கண்ணு."

"எழுதியிருக்காங்களே!" என்று ஓடினேன்.

"உங்களுக்குத் தும்மல் வந்தா நான் பொறுப்பில்லை" என்றார் அப்பா, டாக்டரிடம்.

தூசி பறக்க ஐந்தாறு பதிவேடுகளைப் பெஞ்சில் போட்டேன். பச்சை மையில், பழைய மாஸ்டர் ஒருவரின் குண்டு எழுத்து. உரக்கப் படித்தேன்.

'நாற்பத்தோராம் மைல் கல். பத்து நிமிடம் தாமதம். காரணம்: மான் கூட்டம். ஏரிப் பக்கம் இறங்கியது.'

ஒரு மாதம் கழித்து: 'அதே கல். பதினைந்து நிமிடம். குட்டிகளோடு மலைக்குத் திரும்பின. ஒரு குட்டி தண்டவாளத்தில் படுத்துக்கொண்டது. எழும்வரை காத்திருந்தோம்.'

எல்லா வருடமும் அப்படியே. முதல் மழைக்கு இறங்கும், குட்டிகளோடு ஏறும்.

டாக்டர் எழுந்தே விட்டார். "ஏரிக்கரை கோரைப்புல்! அதுக்குள்ளதான் குட்டியை ஒளிச்சு வெச்சிருக்கு. எப்போ நின்னுது இது?"

தேடினேன். "பத்து வருஷத்துக்கு முன்னாடி."

"அப்போதான் எங்க ஆளுங்க தண்டவாளத்தோரமா வேலி போட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "காப்பாத்தறோம்னு வழியையே அடைச்சுட்டோம். சார், மழை நேரத்துல வேலியைத் திறந்தா, அங்கே வண்டியை மெதுவா விடுவீங்களா?"

அப்பா ஒரு தாமதமும் எழுதாத தன் பதிவேட்டைப் பார்த்தார். மீசையைத் தடவவில்லை.

"முன்னாடி இருந்தவங்க எல்லாம் நின்னாங்களேப்பா" என்றேன்.

அப்பா பெருமூச்சு விட்டார். "சரி, மேலே எழுதிக் கேட்கறேன். மாட்டேன்னா இந்தச் சுண்டெலி என்னையே கடிச்சுடும்!"

மேலிடம் சம்மதித்தது. அடுத்த மழைக்கு வேலி திறந்தது. மான்கள் இறங்கின. ஒரு மாதம் நான் நகத்தைக் கடித்தே தீர்த்தேன்.

ஒரு காலை, வண்டி வரவில்லை. பிளாட்பாரத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருவழியாக வந்து நின்றதும், டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"மாஸ்டர்! ஆறு குட்டி! நானே எண்ணினேன்!"

அப்பா அறைக்குள் ஓடினார். பதிவேட்டைத் திறந்தவர் என்னைப் பார்த்தார்.

"சுண்டெலி, வீட்டுல பச்சைப் பேனா இருக்கா?"

அதன்பின் எத்தனையோ ஸ்டேஷன்களில் தாமதமான வண்டிகளுக்காகக் காத்திருந்துவிட்டேன். ஒன்பது நிமிடத் தாமதத்தை அத்தனை அழகான கையெழுத்தில் எழுதியவரை வேறெங்கும் பார்க்கவில்லை.