போகும் வாசல்

ரொட்டிக்கடை எர்சிலியா பதினேழு வருஷமாக ஓர்னெல்லாவுக்கு இரண்டு ரொட்டி வைத்துத்தான் கட்டிக் கொடுப்பாள். அன்று காலை ஒன்றை மட்டும் வைத்துக் கட்டினாள்.

"இன்னொண்ணு?" என்றாள் ஓர்னெல்லா.

எர்சிலியா மாவு படிந்த கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மனச தளர விடாதே, கண்ணு." ரொட்டி சூடு ஆறுவதற்குள் ஊர் வம்பு மொத்தத்தையும் கொட்டித் தீர்க்கிறவள், அன்று அடுத்தவளின் ரொட்டியை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புருஷனின் ஆபரேஷனைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஓர்னெல்லா படிகளில் ஏறினாள். நவம்பர் மூடுபனி ரோக்கா சொலேங்கா என்ற அந்த மலையூரின் சந்துகளுக்குள் இறங்கி மூன்று நாளாகியிருந்தது. புதிதாக ஆட்டிய ஆலிவ் எண்ணெயின் காரல் வாசனை, ஓக் விறகின் புகை, நனைந்த கல்லின் வாசனை எல்லாம் அதற்குள் அடைபட்டுக் கிடந்தன. எதிரே வருகிறவரின் காலடி கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் ஆள் தெரிந்தது. அன்று எதிரே வந்த இருவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இந்த ஊரின் பழைய வீடுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு வாசல். பெரியது மனிதர்களுக்கு. பக்கத்திலேயே, சந்திலிருந்து இடுப்பு உயரத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு இன்னொன்று இருக்கும். அது எப்போதும் செங்கல் வைத்து அடைத்திருக்கும். வீட்டில் யாராவது இறந்தால்தான் அதை உடைப்பார்கள். சவப்பெட்டியை அந்த வழியாக வெளியே எடுத்து, தூக்கிப் போனவர்கள் கல்லறையிலிருந்து திரும்புவதற்குள் மறுபடி அடைத்துவிடுவார்கள். அதன் வழியாக யாரும் உள்ளே வந்ததில்லை.

ஓர்னெல்லாவின் புருஷன் ஃபோஸ்கோ வந்தான். மூன்று நாளைக்கு முன்னால், நுரையீரலில் பாதியைப் பெருஜியா ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி வந்தான். பிழைத்துவிட்டான், கிறிஸ்துமஸுக்குள் நடப்பான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கீழே புது ஊரில் அவன் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஓர்னெல்லாவால் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நடையில் நாற்பது நாள் உட்கார்ந்து களைத்தவளுக்கு அவன் இருமலைத் தன் வீட்டில் கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பெரிய வாசலுக்கு உள்ளே படிக்கட்டு வளைகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்றதும் கொத்தனார் நாசரேனோவைக் கூப்பிட்டு, சின்ன வாசலை உடைக்கச் சொன்னாள்.

"அது போற வாசல்," என்றார் நாசரேனோ. "வர்ற வாசல் இல்ல."

"நீங்க உடைங்க. ஆள் உள்ள வந்ததும் அடைச்சிடுங்க."

ஃபோஸ்கோவுக்கு ஒரே குஷி. "எங்கப்பன், அவனுக்கப்பன், எல்லாரும் இந்த வழியா போனவனுங்கதான். திரும்பி வந்த முத ஆளு நான், பாத்துக்கோங்க," என்று ஸ்ட்ரெச்சரிலிருந்தே கையசைத்தான். சந்தில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மாலை வந்து அடைக்கிறேன் என்று போன நாசரேனோ பிறகு வரவேயில்லை. இரண்டு பலகையைச் சாத்தி வைத்திருந்தாள். அதன் இடுக்கு வழியாகச் சுண்ணாம்பும் பழைய மெழுகும் கலந்த வாடை அறைக்குள் வந்துகொண்டே இருந்தது.

அவள் வீடு திரும்பியபோது ஃபோஸ்கோ தலையணையில் சாய்ந்து பருப்பு சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். "உப்பே இல்ல. ஆஸ்பத்திரி சூப்பே தேவலாம்," என்றான். அவள் அவன் நெற்றியைத் தொட்டாள். சூடாக இருந்தது. அழுகை வந்தது, சிரித்துச் சமாளித்தாள்.

மத்தியானம் நாசரேனோவைத் தேடிப் போனவள் கிணற்றடிச் சுவரில் அதைப் பார்த்தாள். கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் அறிவிப்பு, பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஃபோஸ்கோ பெர்த்தினெல்லி, வயது அறுபத்தொன்று. இன்று மாலை நான்கு மணிக்கு அடக்கம். அழைப்பது, மனைவி ஓர்னெல்லா.

கிழித்தாள். கோயில் சுவரில் இன்னொன்று இருந்தது. எர்சிலியாவின் கடைக் கதவில் ஒன்று.

"யார் ஒட்டினது இத?"

"நீதானே கண்ணு, விடியக்காலம் வந்து சொன்னே," என்றாள் எர்சிலியா. அவள் குரலில் பரிவுதான் இருந்தது. "நின்னுக்கிட்டே அழுதியே."

ஓர்னெல்லா ஓடினாள். மூடுபனியில் எந்தச் சந்து மேலே போகிறது, எது கீழே போகிறது என்று பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஒரு நிமிஷம் தெரியவில்லை. வீட்டில் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. கறுப்பு உடுத்திய பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் செய்வதுபோல் சுவர்க் கண்ணாடியின் மேல் துணி போட்டிருந்தது.

"இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்றான் ஃபோஸ்கோ. "பேசினா காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க."

ஊர் டாக்டர் வந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க கை சில்லுனு இருக்கு, டாக்டர்," என்றான் ஃபோஸ்கோ.

டாக்டர் ஒரு தாளில் எழுதினார்.

"அவர் பேசறார்!" ஓர்னெல்லா அவன் கையை எடுத்து டாக்டரின் கைக்குள் திணித்தாள். "பாருங்க, பிடிக்கறார் பாருங்க."

டாக்டர் அந்தக் கையை மெதுவாக வாங்கி, நெஞ்சின் மேல் மடித்து வைத்தார். இன்னொரு கையையும் எடுத்து அதன் மேல் வைத்தார். ஃபோஸ்கோ சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். உடனே எடுத்தார்கள். "இப்ப வண்டிய மேல ஏத்த முடியாதும்மா," என்றது ஒரு இளைஞனின் குரல். "ஊருக்குள்ள நாலு மணிக்கு ஒரு அடக்கம் இருக்காம், வழிய மறிச்சிருக்காங்க. அது முடிஞ்சதும் வந்துடறோம்."

அவனைத் தூக்கிப் பார்த்தாள். தோளில் சாய்த்து நாலடி இழுத்தாள். பெரிய வாசலுக்கு இறங்கும் படிக்கட்டு முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், படிக்கு இரண்டு பேராக. யாரும் நகரவில்லை. அவர்களே அவனை வாங்கித் திரும்பக் கட்டிலில் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.

"ஓர்னெல்லா," என்றான். "கால் வலிக்குது."

கோயில் மணி அடித்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பலகைகளை வெளியிலிருந்து எடுத்தார்கள். பனி உள்ளே வந்தது. வெள்ளை அங்கி, முகத்தை மூடிய வெள்ளை முக்காடு, பெட்டி தூக்குகிற ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால் சந்து நிறைய ஜனம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. பெட்டி உள்ளே வந்தது.

ஓர்னெல்லா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். உயிரோடிருக்கிறார், கண்ணைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். எர்சிலியா பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்தாள். "அழுதுடு கண்ணு. எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க."

ஃபோஸ்கோ அவள் கம்பளிச் சட்டையின் கையைப் பிடித்திருந்தான். விடவில்லை. சுண்ணாம்பில் வெடித்த விரல்களால் நாசரேனோ வந்து பிரித்தார். ஒவ்வொரு விரலாக.

"நீதானே என்னைக் கூட்டிட்டு வந்தே," என்றான் ஃபோஸ்கோ. குற்றமாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்துகிறவனைப் போலச் சொன்னான். "நீ சொன்னா கேப்பாங்க."

பெட்டிக்குள் கிடத்தி மூடினார்கள்.

பெட்டி வெளியே போனது. நாசரேனோ சந்தில் மண்டியிட்டு முதல் வரிசைச் செங்கலை வைத்தார். "மன்னிச்சுக்கம்மா. அவங்க திரும்பறதுக்குள்ள முடிச்சாகணும்." கரண்டி கல்லில் உரசியது. இரண்டாவது வரிசை. மூன்றாவது. நாலு பெண்கள் பிடித்திருந்த பிடியில் ஓர்னெல்லாவால் அசைய முடியவில்லை. நின்ற இடத்திலிருந்து, மிச்சமிருந்த இடைவெளி வழியாகத்தான் பார்த்தாள்.

பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது.

அவளுக்கு மட்டும் இல்லை. ஆறு பேருக்கும் கேட்டது. ஒரு தட்டு, ஆறு கால்கள் ஒரு படி இறங்கின. இன்னொரு தட்டு, இன்னொரு படி. தட்டுவது ஓய்ந்தபோது அவர்களும் நின்றார்கள். ஜனமும் நின்றது. பனிக்குள் அவசரமே இல்லாமல் எல்லோரும் காத்திருந்தார்கள், அவன் மறுபடி தட்டும்வரை.